துண்டு போட்ட நாற்காலி

அச்சரப்பாக்கம்
18.9.2024

பார்வதத்துக்கு சடையப்பன் எழுதுவது. இங்கே நான், ஆனந்தன், விஜயகுமாரி மூவரும் சௌக்கியம். நீயும் கார்த்தியும் காயத்ரியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

நேற்று ஆனந்தன் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்து, "அம்மா பேசுது நைனா" என்று சைகை காட்டினான். ரைஸ் மில் சத்தத்தில் காலமெல்லாம் கிடந்த காது. கொரகொரவென்று ஏதோ கேட்டது. நானும் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டேன். நீ என்ன கேட்டாய், நான் எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் கடிதம். தபால் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டால் அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

பாகம் பிரித்த அன்று பெரியவர்கள் முன்னால் நாமும்தான் தலையாட்டினோம். அப்பா பெரியவனிடம், அம்மா சின்னவனிடம். யாரைக் குறை சொல்வது? ஆனந்தன், "தம்பிக்கும் கடம கீதுல்ல" என்றான். அதுவும் நியாயம்தான். கார்த்தியின் வீடோ சக்கரத்தில் ஓடுகிறது. அதில் கூடுதலாக ஒரே ஒரு படுக்கை. ராத்திரி மூன்று தடவை எழுந்து போகிற என்னை அதில் வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? அதனால் நீ போனாய்.

டீக்கடையில் கேரவன் என்று சொன்னேன். உன் சின்னப் பிள்ளை சினிமாவில் சேர்ந்துவிட்டானா என்கிறார்கள். ஆமாம், அவன் அம்மாதான் கதாநாயகி என்று சொல்லிவிட்டேன்.

என் பச்சைக் கட்டம் போட்ட துண்டைக் காணோம். நீ எடுத்துப் போனாயா? பிரஷர் மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
சடையப்பன்


ஏற்காடு
7.10.2024

ஆனந்தன் அப்பாவுக்குப் பார்வதம் கும்பிட்டு எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. சர்க்கரை பார்த்தீர்களா? விஜயகுமாரி மோரில் உப்பு அதிகம் போடுவாள், பார்த்துக் குடியுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். வண்டியில் அடுப்பு இருக்கிறது, குழாய் இருக்கிறது, பீரோ மாதிரி ஒன்றைத் திறந்தால் அது கக்கூஸ். கார்த்தி முன் சீட்டில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை செய்கிறான். மீட்டிங் என்று சொன்னால் கரண்டி சத்தம்கூட வரக்கூடாது. காயத்ரி நல்ல பெண். சாயங்காலமானால், "அத்தே, வெளிய வந்து மலையப் பாருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாள். மலையைப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

வண்டி நின்ற பிறகும் உடம்புக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. காலையில் கண் விழித்தால் சன்னலைப் பார்த்துத்தான் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

துண்டு என்னிடம்தான் இருக்கிறது. தெரிந்தேதான் எடுத்தேன். மேல்மருவத்தூர் கூட்டத்தில் பஸ் வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாக அதை வீசி எனக்கு இடம் பிடிப்பீர்களே. ஒரு தடவை அது வேறொரு அம்மா தலையில் விழுந்து அவள் உங்களை வாய்க்கு வந்தபடி பேசினாளே, அதை நினைத்து நேற்றுகூடத் தனியாகச் சிரித்தேன். இந்த வண்டியில் இடத்துக்குச் சண்டையில்லை. மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பார்வதம்


அச்சரப்பாக்கம்
29.10.2024

பார்வதத்துக்கு. நாளை மறுநாள் தீபாவளி. எங்கே எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறாயோ, பீரோவுக்குள்தானே? உடம்பு எப்படி இருக்கிறது?

எனக்கு ஒன்றும் இல்லை. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்றார்கள். அவசரமில்லை, பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனந்தன் சொல்கிறான். கடையில் உரம் வாங்க வருகிறவர்கள் கூட்டம், அவனுக்குத் தலை சொறிய நேரமில்லை. விஜயகுமாரியின் அண்ணன் குடும்பம் தீபாவளிக்கு வருகிறது. அதனால் என் கட்டிலைக் கடைக்குப் பின்னால் போட்டிருக்கிறார்கள். நல்ல காற்று. சோறு கேரியரில் நேரத்துக்கு வந்துவிடுகிறது. விஜயகுமாரி குறை வைப்பதில்லை.

பேச்சுக்குத்தான் ஆள் இல்லை. அதுவும் எனக்கு எதற்கு, கேட்கவா போகிறது?

சடையப்பன்


ராமேஸ்வரம்
4.12.2024

ஆனந்தன் அப்பாவுக்கு. தீபாவளிக் கடிதம் கொடைக்கானலுக்குப் போய், அங்கே நாங்கள் இல்லையென்று சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. நேற்றுதான் படித்தேன். விருந்தாளிகள் போய்விட்டார்களா? கட்டில் வீட்டுக்குள் வந்துவிட்டதா? உர மூட்டைக்கு நடுவில் அது என்ன நல்ல காற்று?

எனக்கு உடம்பு பரவாயில்லை. இங்கே விடாமல் மழை. வண்டிக்குள்ளேயே மூன்று பேரும் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. அலுப்புதான்.

ஒரு சேதி. பங்குனி பிறந்ததும் வடக்கே போகிறார்களாம். காசி, அப்புறம் பனி விழுகிற மலையெல்லாம். திரும்ப ஒரு வருஷம் ஆகுமாம். "நீயும் வாம்மா. வேணாம்னா சொல்லு, அண்ணன் கிட்ட பேசிப் பார்க்கறேன்" என்றான் கார்த்தி. உங்கப்பா என்ன சொல்கிறாரோ அதுதான் என்று சொல்லிவிட்டேன். ஆகவே ஒரு வார்த்தை எழுதுங்கள். போ என்றாலும் சரி, வா என்றாலும் சரி.

பார்வதம்


அச்சரப்பாக்கம்
22.12.2024

பார்வதத்துக்கு. எல்லோரும் சௌக்கியம். வேடந்தாங்கலில் பறவைகள் வந்துவிட்டன. எந்தெந்த தேசத்துப் பறவையோ வழி தெரிந்து நேரத்துக்கு வந்துவிடுகிறது. உன் கடிதம் வரத்தான் மாதக் கணக்காகிறது.

கட்டில் இன்னும் கடையில்தான். எனக்கே பழகிவிட்டது. விடிந்தால் ஜனங்கள் வருவதும் போவதுமாகப் பொழுது போகிறது.

நீ கேட்டதை யோசித்தேன். காசி என்றால் சும்மாவா? எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இன்னொரு பக்கம் ஒரு வருஷம் என்றால் பெரிய காலம். உனக்கு எது சௌகரியமோ அது. நான் சொல்லி நீ செய்தாய் என்று இருக்க வேண்டாம். நீயே பார்த்துச் செய்.

குளிர் அதிகம், காதை மூடிக்கொள்.

சடையப்பன்


சதுரங்கப்பட்டினம்
28.1.2025

ஆனந்தன் அப்பாவுக்கு. நான்கு பக்கமும் நெருக்கி எழுதி, போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இதற்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வீண்.

நாங்கள் சட்ராஸ் கடற்கரைக்கு வந்துவிட்டோம். சியாமளா என்று ஒரு அம்மாவின் சவுக்குத் தோப்பு. வண்டியோடு வருகிறவர்கள் தங்குவதற்காகத் தண்ணீர், கரண்டு எல்லாம் வைத்திருக்கிறார்கள். பங்குனி வரை இங்கேதான். கடல் காற்று வருகிறது, ராத்திரி தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. அச்சரப்பாக்கம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது என்று நினைத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். கார்த்தி ஆனந்தனுக்குப் போன் செய்து உங்களை அழைத்துவரச் சொல்லியிருக்கிறான். அண்ணன் சரி என்றானாம். வாருங்கள். வடக்கே போகிற விஷயத்தை நேரில் முடிவு செய்யலாம். நீங்கள் வாயே திறக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள். மறக்காமல் மாத்திரை.

பார்வதம்


சதுரங்கப்பட்டினம்
11.2.2025

ஆனந்தன் அப்பாவுக்கு. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஆனந்தனுக்கு லோடு வந்திருக்கும். கார்த்தி போன் செய்ததற்கு அடுத்த வாரம் பார்க்கலாம் என்றானாம். பரவாயில்லை.

நீங்கள் வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் போயிற்று. அன்றைக்கு யாரும் வண்டியை எடுக்கவில்லை. அதுவே பெரிய சுகம். வெயில் ஏறின பிறகுதான் ஒவ்வொருவராகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். கார்த்தியும், நீல வண்டியில் நாயோடு தனியாகச் சுற்றுகிற ஷ்யாமும் படகு வருகிற இடத்துக்கே போய் வஞ்சிரமும் எறாவும் வாங்கி வந்தார்கள். குப்பத்திலிருந்து ரெபேக்காள் என்று ஒரு அம்மா வந்து மசாலா தடவி, பெரிய தோசைக்கல்லில் போட்டு எடுத்தாள். என்ன கைப்பக்குவம்! கேரளா வண்டிக்காரர்கள் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தார்கள். காயத்ரி எலுமிச்சம்பழச் சாதம் செய்தாள். நான் முருங்கைக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நிழலில் பாய் விரித்து உருண்டார்கள்.

வெயில் சாய்ந்ததும் மிச்ச மீனையும் வறுத்துச் சாப்பிட்டோம். அப்புறம் கச்சேரி. மேடை கிடையாது, மணல்தான். ஒரு பெண் கிடார் வாசித்துக்கொண்டே பாடினாள். தாடிக்காரன் ஒருவன் தாளம் தட்டினான். ஷ்யாம் புல்லாங்குழல் ஊதினான். பழைய சினிமாப் பாட்டு நிறைய. அந்தப் பெண் நடுவில் வரியை மறந்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்தான் பாடி முடித்தோம். ஆமாம், நானும்தான். உங்களுக்கு எப்படிச் சொல்வது? மில்லில் பெல்ட் சீராக ஓடும்போது தரை அதிர்ந்து உள்ளங்காலில் தெரியும் என்பீர்களே, அந்த மாதிரித் தாளம் எனக்குக் காலில் வந்தது.

இருட்டும் வரை அப்படியே போயிற்று. கருவாட்டுக் குழம்பு மிஞ்சிவிட்டது. இங்கே யாருக்கும் அந்த வாசனை பிடிப்பதில்லை. ரெபேக்காளிடம் கொடுத்தனுப்பினேன்.

வடக்கே போகிற பேச்சு அப்படியே இருக்கிறது. இந்த மாதத்துக்குள் சொன்னால் போதும் என்கிறான் கார்த்தி.

பார்வதம்


அச்சரப்பாக்கம்
17.2.2025

பார்வதத்துக்கு. நான் சௌக்கியம். அன்றைக்கு நீ சொன்ன மாதிரியே லோடு வந்துவிட்டது. எனக்கும் லேசாகக் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது. நீ வீணாகக் கவலைப்படாதே.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வஞ்சிரம் வறுத்த வாசனை இங்கே உர மூட்டை வரை வந்தது. அந்தத் தாடிக்காரன் உட்கார்ந்திருக்கிற பெட்டியையே கையால் தட்டுகிறானே, அதற்கு என்ன பெயர்? நம் ஊர் மேளமெல்லாம் தோளில் தொங்கும், இல்லையென்றால் மடியில் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்து தட்டுகிற வாத்தியம் எனக்குப் புதிது. பெட்டி உடைந்துபோகாதா?

நன்றாக யோசித்துவிட்டேன். நீ வடக்கே போய் வா, பார்வதம். இத்தனை வருஷம் அடுப்படியில் வெந்தாய். பிள்ளை கூட்டிப்போகிறேன் என்கிறான், மருமகள் தாங்குகிறாள். ஒரு வருஷம் என்ன, கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். என்னைப் பற்றி நினைக்காதே. எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது. கார்த்தியிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

கம்பளி வாங்கிக்கொள்.

சடையப்பன்


சதுரங்கப்பட்டினம்
20.2.2025

ஆனந்தன் அப்பாவுக்கு. இது சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை.

தாடிக்காரன் தாளம் தட்டினான் என்றுதான் எழுதினேன். பெட்டி மேல் உட்கார்ந்து தட்டினான் என்று எழுதவே இல்லை. ஆனந்தனிடம் சொன்னாயா, படம் ஏதாவது அனுப்பினாயா என்று கார்த்தியைக் கேட்டேன். இல்லை என்கிறான். காயத்ரியும் இல்லை என்கிறாள்.

பெட்டியை உங்களுக்கு யார் சொன்னது?

நான் இன்னும் கார்த்தியிடம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பதில் வரட்டும்.

பார்வதம்


அச்சரப்பாக்கம்
25.2.2025

பார்வதத்துக்கு.

வக்கீல் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள் நீ. ஆமாம், வந்தேன்.

சனிக்கிழமை ராத்திரி ஆனந்தன் சொன்னான். லோடு பொய்யில்லை. ஆனால் அவன் மனதில் வேறொன்றும் இருந்தது. "எங்கிட்ட கீற ஆளு தம்பி கிட்டப் போயி விருந்து சாப்ட்டா, நான் சோறு போடலன்னு தானே ஊர்ல பேசுவாங்க" என்றான். அவன் உதடு அசைவது எனக்குப் பழகிவிட்டது, ஒரு எழுத்துத் தப்பவில்லை. காலையில் செங்கல்பட்டுக்குக் கண் டாக்டரிடம் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண் டாக்டர் என்று அவனும் கேட்கவில்லை. வெள்ளை வேட்டிதான் கட்டினேன்.

செங்கல்பட்டில் கல்பாக்கம் பஸ் நெடுநேரம் வரவில்லை. இறங்கி வழி கேட்டால், என்ன சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அங்கே இருக்கிற பழைய கோட்டைப் பக்கம் போய்த் திரும்பி, தோப்புக்கு வரும்போது சாயங்காலமாகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். கையில் தட்டு. ஒரு அம்மா வந்து உன் தட்டில் மீன் வைத்தாள். நீ சாப்பிட்டாய். இத்தனை வருஷத்தில் நீ உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பரிமாறி நீ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, கடைசியில் சட்டியோடு நின்றுகொண்டே வழித்துச் சாப்பிடுவாய். அப்புறம் பாட்டு. எனக்கு வாயசைவுதான் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலை அழுத்திப் பார்த்தேன். ஒரு அதிர்வும் வரவில்லை. அதனால் தாடிக்காரன் கையைப் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன். நீ சிரித்தாய். தொடையில் தாளம் போட்டாய்.

நான் உள்ளே வந்தால் நீ தட்டை வைத்துவிட்டு எழுந்திருப்பாய். எனக்குத் தண்ணீர் எடுக்க ஓடுவாய். ஒரு நாளாவது உட்காரட்டும் என்று நினைத்தேன். உன் பக்கத்து நாற்காலியிலும் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். புரைக் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அவர்கள் வருவதற்குள் கிளம்பிவிட்டேன். கடைசி பஸ் கிடைத்தது.

போய் வா. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதினால் பொய். வருத்தம்தான். ஆனாலும் போய் வா.

சடையப்பன்


சதுரங்கப்பட்டினம்
2.3.2025

ஆனந்தன் அப்பாவுக்கு.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கோபம்தான். வேலி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போன மனுஷனை என்ன செய்தால் தகும்?

உட்கார்ந்திருந்தேன், சரி. ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டீர்களா? இத்தனை மாதமாக வண்டியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே பொழுது போனதில் இரண்டு காலும் வீங்கி, அன்றைக்குச் செருப்புக்குள் போகவில்லை. காயத்ரிதான் நாற்காலி போட்டு, எழுந்தால் பார் என்று மிரட்டி வைத்தாள். உங்களுக்குத் தெரிந்தால் தூங்கமாட்டீர்கள் என்று எழுதவில்லை. டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார், இப்போது வடிந்துவிட்டது. நீங்கள் வந்திருந்தால் நான் எழுந்திருக்கமாட்டேன். உங்களுக்கும் ரெபேக்காளையே பரிமாறச் சொல்லி வைத்திருந்தேன். கருவாட்டுக் குழம்பு வேறு யாருக்கு வைத்தேன் என்று நினைத்தீர்கள்?

சிரித்தேன். அதையும் இல்லை என்று சொல்லமாட்டேன். பாட்டு நன்றாக இருந்தது, மீன் நன்றாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் தோப்பு வாசலைத்தான் பார்த்தேன். வேலிப் பக்கம் பார்க்கத் தோன்றவில்லையே என்று இப்போது அடித்துக்கொள்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் கிடந்தது உங்கள் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. காலையிலேயே போட்டுவிட்டேன். கேரளாக்காரர் ஒருவர் உட்கார வந்தார், விடவில்லை. ஷ்யாமுடைய நாய் ஏறப் பார்த்தது, அதையும் விரட்டினேன். விளக்குப் போட்ட பிறகு ரெபேக்காள் வந்து, "யாருக்குமா இன்னும் எடம் புட்ச்சி வச்சினுகீறே?" என்று கேட்டாள். "ஆளு வர்து" என்றேன். எல்லோரும் பாய் சுருட்டிக்கொண்டு போன பிறகுதான் துண்டை எடுத்தேன்.

கார்த்தியிடம் சொல்லிவிட்டேன், நான் வடக்கே வரவில்லை. அவன் முகம் வாடியது, ஆனால் புரிந்துகொண்டான். ஆனந்தனிடம் நானே போனில் பேசினேன். நாங்கள் என்ன ஏரிக்கரை நிலமா, கயிறு போட்டு ஆளுக்குப் பாதி எடுக்க என்று கேட்டேன். அப்புறம், "கடைக்குப் பின்னாடி தான்மா எடம் கீது" என்றான். அது போதும். மூட்டைகளை ஒரு ஓரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். ஊர் என்ன பேசும் என்று அவன் பயந்தால், ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கார்த்தி என்னைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுகிறான். நீங்கள் அதற்கு முன்பே வந்து திண்டிவனம் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். ஞாயிறு, மேல்மருவத்தூர் கூட்டம் இருக்கும். துண்டு என்னிடம் இருக்கிறது. சட்டையைக் கழற்றிப் போட்டாவது பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வையுங்கள்.

யாராவது வந்து கேட்பார்கள். அவர்கள் கேட்பது உங்கள் காதில் விழாது. பரவாயில்லை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருங்கள், ஆளு வர்து என்று.

பார்வதம்